அவளுக்கு ஒண்ணும் தெரியாது

ஈப்போவில் ஒரு தமிழ்ப்பள்ளியில், சிறப்புக் கல்வி வகுப்பில், நான் உதவியாளராக வேலை செய்கிறேன். பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போவது, சாப்பிட வைப்பது, வாய் துடைப்பது, ஆசிரியர் பாடம் நடத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுத வைப்பது, இதுதான் வேலை. பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு என் படிப்பு நின்றது. ஆங்கிலத்தில் ஏதோ தேறினேன், அவ்வளவுதான். பிள்ளைகள் என்னை ஆண்ட்டி என்பார்கள். ஆசிரியர்கள் அக்கா என்பார்கள், என்னைவிட மூத்தவர்கள்கூட.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கூட்டம் நடந்தால் கதவுப் பக்கம் உட்காருவேன். வருகைத் தாளில் கையெழுத்துப் போடுவேன். ஏதாவது கேட்டால் சரி என்பேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால்தான் இதை எழுதவே முடிகிறது.

எங்கள் பள்ளி முன்பு ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் இருந்ததாம். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது பள்ளியை டவுனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். பெயர்ப்பலகையில் மட்டும் இன்னும் தோட்டத்தின் பெயர். பிள்ளைகள் சுற்றியுள்ள அடுக்குமாடிகளிலிருந்து வருகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்களுக்கு இருந்த ஆங்கில ஆசிரியை சிலோன் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் வீட்டில் பேசுவதே ஆங்கிலம்தான். வகுப்பில் ஒரு தமிழ் வார்த்தை சொல்லமாட்டார். ஒருமுறை தமிழில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் பிறகு அதற்காகவே காத்திருப்பார்கள் என்பார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மூன்றாம் ஆண்டில் பின்தங்கிய ஆறேழு பேரை வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம், என்னிடம் அனுப்புவார். எங்கள் வகுப்பறையில் தரைவிரிப்பும் பட அட்டைகளும் இருந்தன. அதனால்தான். என் ஆங்கிலத்தை நம்பி இல்லை.

நான் ஒரு அட்டையைக் காட்டுவேன். பிள்ளைகள் முதலில் தங்கள் வாயில் என்ன வருகிறதோ அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். தமிழோ, மலாயோ, சீனக் கடையில் கேட்டதோ, எதுவானாலும் சரி. பிறகு நான் ஆங்கிலப் பெயரைச் சொல்வேன். பிறகு எல்லாரும் சேர்ந்து சொல்வோம். இப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை. அரை மணி நேரம் முழுக்க ஆங்கிலத்திலேயே பேச எனக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல் அப்படிச் செய்தேன்.

அந்த வருடம் நடுவில் ஒரு பெண்பிள்ளை புதிதாக வந்து சேர்ந்தாள். ஒன்பது வயது. சுங்காய்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து குடும்பம் ஈப்போவுக்கு மாறி வந்திருந்தது. அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் பாதுகாவலர் வேலை. அம்மா ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டும் மங்கும் கழுவினார். அந்தப் பிள்ளை ஆங்கில வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. ஆசிரியை கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள். உட்காரச் சொல்லும்வரை நிற்பாள். மலாய் வகுப்பில் முதல் வாரம் ஏதோ சொல்லியிருக்கிறாள். மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அதோடு அங்கேயும் நிறுத்திக்கொண்டாள்.

என்னிடம் வந்தபோதும் இரண்டு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் சைக்கிள் படத்தைக் காட்டினேன். எல்லாரும் சைக்கிள் என்றார்கள், மலாயில் பாசிக்கல் என்றார்கள். அவள் மட்டும் மெதுவாக, ‘செப்பேடா’ என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் ஏதோ தப்பாகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முன்பு தோட்டத்தில் லோரி ஓட்டியவர். இந்தோனேசியாக்காரர்கள் சைக்கிளை அப்படித்தான் சொல்வார்கள் என்றார். தோட்டத்து லயத்தில் பக்கத்து வீடெல்லாம் இப்போது அவர்கள்தானே என்றார்.

மறுநாள் அவளிடம், நீ சொன்னதும் சரிதான் என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் அவள் இரண்டு மூன்று பெயர் சொன்னாள். ஆங்கிலப் பெயரை மட்டும் சத்தமாகச் சொல்லமாட்டாள். என் தோள் பக்கம் சாய்ந்து காதில் சொல்வாள். மற்றவர்கள் வகுப்புக்குப் போன பிறகும் அட்டைகளை அடுக்கித் தருவதாகச் சொல்லி நின்றுகொள்வாள். அப்போது ஓயாமல் பேசுவாள். தோட்டத்தில் இருந்தபோது அம்மாவுக்கு மருந்தடிக்கிற வேலை என்றும், களைக்கொல்லி டின்னில் இருக்கும் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி அம்மாவுக்குப் படித்துச் சொல்லியிருக்கிறேன் என்றும் ஒருநாள் சொன்னாள். எல்லாம் புரியாது ஆண்ட்டி, தொடாதேன்னு சொல்றது மட்டும் புரியும் என்றாள்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆங்கில ஆசிரியையிடம் சொல்லியிருக்கலாம். அவரிடம் பேசினால் அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். பிறகு நானும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அவர் எதிரில் வந்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன்.

வருடக் கடைசியில் அந்தப் பிள்ளையை எங்கள் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்க்கலாமா என்று பார்க்க, கிளினிக்கில் டாக்டரிடம் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவானது. ஆங்கில ஆசிரியை ஒரு பாரம் நிரப்பினார். மலாய் ஆசிரியர் ஒரு பாரம் நிரப்பினார். இரண்டிலும் பதில் சொல்வதில்லை என்றுதான் எழுதியிருந்தது. அது பொய் இல்லை. கெட்ட எண்ணமும் இல்லை. எங்கள் வகுப்பில் பிள்ளைகள் குறைவு, தனியாகக் கவனிப்பார்கள், அங்கே போனால் அவளுக்கு நல்லது என்று பேசிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் வகுப்பில் ஐந்து பேர் இருந்தார்கள். ஒரு பையனின் குடும்பம் ஜொகூருக்கு மாறிப்போனதும் நாலு பேர் ஆனார்கள். ஐந்துக்குக் கீழே போனால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று எங்கள் வகுப்பு ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட இளையவர், எதையும் கேலியாகச் சொல்லும் மனிதர்.

“மூடிட்டா நான் ஆயர் தாவார், நீங்க பாகான் டத்தோ. இப்பவே தேங்கா உரிக்கக் கத்துக்கங்கலா, அக்கா” என்றார்.

நான் சிரித்தேன். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஈப்போவில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். காலையில் மோட்டாரில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவேன். பள்ளி முடிந்து போய்க் கூட்டிவருவேன். அவ்வளவு தூரத்தில், கடலோரம் இருக்கும் பாகான் டத்தோவுக்கு மாற்றினால் என்ன செய்வது என்று யோசித்தேன். யோசித்து ஒன்றும் தெரியவில்லை. பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். அந்த நாட்களில் எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டேன். எழுந்தேன், சமைத்தேன், மோட்டாரை எடுத்தேன்.

அப்பாவுக்குப் பகல் வேலை என்பதால் கிளினிக்குக்கு அம்மாதான் கூட்டிப்போக வேண்டும். துணைக்கு நீங்கள் போங்கள் என்று தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். டாக்டர் கேட்பதை அம்மாவுக்குச் சொல்லவும், அம்மா சொல்வதை டாக்டருக்குச் சொல்லவும். நான் சரி என்றேன்.

நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். பிள்ளை ஜன்னல் பக்கம். வழி முழுக்க அம்மா மகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

“இவ வாய் இருக்கே, டீச்சர், ஒரு நிமிசம் மூடாது. தோட்டத்துல இந்தோனேசியாக்காரிங்ககூட ஒரு பேச்சு, வங்காளிங்ககூட ஒரு பேச்சு. கடைக்கு அனுப்பினா சீனன்கிட்ட வெல பேசி ஒரு மீனக் கூடுதலா வாங்கிட்டு வருவா. என் தலையெழுத்து, இப்படி ஒண்ணு வந்து பொறந்திருக்கு.”

சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பி, யாருக்கும் தெரியாமல், தூ தூ என்று துப்புவது போலச் செய்தார். கண்ணு பட்டுவிடும் என்று. அவர் பெருமைப்படுகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நாங்கள் பெருமைப்படுவது இப்படித்தான். நானும் அதற்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன். இருக்கட்டும், பொம்பளப் புள்ளைக்கு வாய் வேணும், பொழச்சுக்குவா என்றேன். அவர் சந்தோஷப்பட்டார்.

கிளினிக்கில் ஒரு சீன டாக்டர், சின்ன வயசுப் பெண். நல்ல மாதிரி. பிள்ளைக்கு நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டார். மரக்கட்டைகள் கொடுத்தார், படங்கள் காட்டினார். ஆங்கிலத்தில் கேட்டார். பிள்ளை தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலாயில் கேட்டார். அப்போதும் காலணியைத்தான் பார்த்தாள். கட்டைகளை மட்டும் அடுக்கினாள். தமிழில் கேட்க அங்கே யாரும் இல்லை. என்னைக் கேட்கச் சொல்லவில்லை. நானும், கேட்கட்டுமா என்று சொல்லவில்லை.

பிறகு டாக்டர் அம்மாவிடம் கேட்டார். வீட்டில் எப்படி, தானாகக் குளிப்பாளா, கடைக்குப் போவாளா, பள்ளியில் நடந்ததை வந்து சொல்வாளா. எல்லாம் மலாயில்தான். அம்மாவுக்குச் சந்தை மலாய் உண்டு. அந்த அறையில் அது வரவில்லை. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது, டாக்டர். சின்னப் புள்ள மாதிரி. வாயே தொறக்க மாட்டா.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். புதுச் சேலையை யாராவது நன்றாயிருக்கிறது என்றால் பழசுதான் என்று சொல்வோமே, அந்தச் சிரிப்பு. என் வீட்டுக்காரரின் தம்பி மகன் பல்கலைக்கழகம் போனபோது, ஏதோ போறான் என்றுதான் நாங்கள் எல்லாரிடமும் சொன்னோம். பெரிய இடத்தில், வெளியாள் முன்னால், சொந்தப் பிள்ளையை உயர்த்திப் பேசமாட்டோம். தாழ்த்திச் சொல்வோம். பக்கத்தில் இருப்பவர்தான், சே, அப்படியெல்லாம் இல்லை, நல்ல கெட்டிக்காரப் பிள்ளை என்று தூக்கிச் சொல்ல வேண்டும். அது பக்கத்தில் இருப்பவரின் வேலை. அன்று பக்கத்தில் இருந்தது நான்.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

“தா தாவு ஆப்பா-ஆப்பா, டாக்டர்” என்றேன். ஒன்றும் தெரியாது என்று அம்மா சொன்னதை அப்படியே மலாயில் சொன்னேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி கேட்டார். அம்மா அதே மாதிரிதான் பதில் சொன்னார். நானும் அதே மாதிரிதான் சொன்னேன். நாலைந்து கேள்வி இருக்கும். அரை மணி நேரத்துக்கு முன்னால் பஸ்ஸில் கேட்டதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. வகுப்பு ஞாபகம் இருந்தது, பாகான் டத்தோவும் ஞாபகம் இருந்தது. வேண்டுமென்றே செய்தாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். டாக்டரிடம், அம்மா சொல்வது அப்படி இல்லை என்று விளக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதுவும் உண்மை. எது எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளைக்குத் தமிழும் தெரியும், மலாயும் தெரியும். கேட்டால் அவளுக்கே புரிந்திருக்கும். நான் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டாள்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. அப்பா வந்து கையெழுத்துப் போட்டார். வேலை உடுப்போடு வந்திருந்தார். இதனால் பிள்ளைக்கு நல்லதுதானே என்று சாரிடம் கேட்டார். நல்லதுதான் அண்ணே என்றார் சார். அடுத்த பள்ளி ஆண்டு அவள் எங்கள் வகுப்புக்கு வந்தாள். மறுபடியும் ஐந்து பேர் ஆனார்கள். மாற்றுத்திறனாளி என்று அரசாங்கம் தரும் ஓ.கே.யூ. அட்டையும் அவளுக்கு வந்தது. அதைப் புத்தகப்பையின் முன்பக்கத்தில் வைத்திருந்தாள்.

எங்கள் வகுப்பில் பாடம் வேறு. மணி கோப்பார்கள். துணி மடிப்பார்கள். தட்டுக் கழுவுவார்கள். எழுத முடிந்தவர்கள் எழுதுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது தேவையான பாடம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் நின்றுபோனது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை ஆங்கில ஆசிரியை முன்போலவே என்னிடம் அனுப்பினார். அவள் இப்போது எங்கள் வகுப்பு என்பதால் அந்த அரை மணி நேரம் அவளுக்குக் கிடையாது. அறையின் அந்தப் பக்கம் மணி கோத்துக்கொண்டிருப்பாள். நான் இந்தப் பக்கம் அட்டை காட்டிக்கொண்டிருப்பேன். அவள் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

முதல் இரண்டு மாதத்தில் அவள் எனக்கு உதவியாளர் மாதிரி ஆகிவிட்டாள். சின்னப் பையனைக் கழிவறைக்குக் கூட்டிப்போவாள். சோறு சிந்தினால் துடைப்பாள். அவள் வந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது என்று சார் சொன்னார். அது உண்மை. பிறகு மெல்ல மெல்ல அவளும் மற்ற பிள்ளைகளைப் போல மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பினாள். முன்பு ஓயாமல் பேசியவள் என்னிடம் தமிழிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தட்டு, துணி, வா, போ. எங்கள் வகுப்பில் பேசும் அளவுக்குத்தான் பேசினாள். நான் அதைத் தினமும் பார்த்தேன். என் மனத்தில் ஒன்றும் அசையவில்லை. மூன்று மணிக்கு வீட்டுக்காரரைக் கூட்டிவரப் போவேன்.

ஆறேழு மாதம் கழிந்திருக்கும். கூரையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று மூன்று வங்காளதேச ஆட்கள் வந்தார்கள். ஏணியை எங்கள் வகுப்பு வாசலில் சாத்தினார்கள். முதலாளி அவர்களோடு வரவில்லை. அவர்களில் ஒருவர் என்னிடம் ஏதோ கேட்டார். மலாய் கொஞ்சம், ஆங்கிலம் கொஞ்சம், மற்றது அவர்கள் மொழி. எனக்குப் புரியவில்லை. நான் விழித்துக்கொண்டு நின்றேன். அவள் கையில் இருந்த துணியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“நோ, நோ. பாஸ் நோ கம். யூ வெயிட், ட்வெல்வ் ஓ கிளாக். திஸ் ரூம் சில்ரன் ஸ்லீப். யூ கோ அதர் சைட் ஃபர்ஸ்ட்” என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். பிறகு மலாயில் ஏதோ சொன்னாள். அந்த ஆள் சிரித்து, ஓகே சிஸ்டர் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அவள் திரும்பி வந்து துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

சாரும் பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம பொண்ணு வெள்ளக்காரிலா” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அவள் இங்கே இருக்க வேண்டிய பிள்ளை இல்லை, சார் என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. சார் என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“எனக்குத் தெரியாதா, அக்கா. தெரியும்தான். அடுத்த மாசம் அவளுக்கு டாக்டர்கிட்ட மறுபடியும் தேதி இருக்கு. நீங்கதானே போறீங்க. நீங்களே சொல்லுங்க. நான் எழுதினா வகுப்பு மூடுதுன்னு என்னக் கேப்பாங்க.”

அவருக்கும் ஆயர் தாவார் பயம் இருந்திருக்கிறது. கேலி செய்ததால் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு மாதம் நான் மலாயில் என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். மோட்டார் ஓட்டும்போது சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்திருந்தார். யாரோடு பேசுகிறாய் என்றார். டாக்டரோடு என்றேன். தன்னுடைய டாக்டர் என்று நினைத்துக்கொண்டார்.

அதே டாக்டர்தான். அம்மா அதே நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னேற்றம் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே, “என்னத்த முன்னேறுறது, ஒண்ணும் தெரியாது அவளுக்கு” என்றார்.

நான் முதலில் அதை அப்படியே சொன்னேன். பிறகு தாளில் இருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதிதான் வந்தது. எங்கள் ஆட்கள் பிள்ளையை வெளியாள் முன்னால் புகழமாட்டார்கள், இந்த அம்மா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, பிள்ளை வீட்டில் பேசுகிறாள், கடைக்குப் போகிறாள், மூன்று பாஷை பேசுகிறாள், ஆங்கிலமும் வரும், கேலிக்குப் பயந்துதான் பேசமாட்டாள் என்றேன். போன தடவையும் அம்மா இதையேதான் சொன்னார், நானும் அப்படியே சொல்லிவிட்டேன் என்றேன்.

டாக்டர் பேனாவை வைத்தார். “போன தடவை ஏன் இதைச் சொல்லவில்லை?” என்று மலாயில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதற்கு நான் தாளில் எதுவும் எழுதிவரவில்லை.

டாக்டர் பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு, தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துத்தான் மறுபடியும் சோதிக்க வேண்டும், அதற்கு ஆள் வேறு ஊரிலிருந்து வர வேண்டும், நாளாகும் என்றார். அம்மாவுக்கு இதெல்லாம் எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் டாக்டர் திட்டினாரா டீச்சர் என்று கேட்டார். இல்லை என்றேன்.

நாள் ஆனது. பள்ளி ஆண்டு முடியப் போகும்போதுதான் அந்த ஆள் வந்தார். நடுத்தர வயதுப் பெண், பினாங்கிலிருந்து வந்ததாகச் சொன்னார். இந்தத் தடவை அம்மாவையும் என்னையும் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு குரல்தான் கேட்டது. அரை மணி நேரம் கழித்து இரண்டு குரல் கேட்டது. பிறகு அந்தப் பிள்ளையின் குரல் மட்டும் வெகு நேரம் கேட்டது. என்ன பேசினாள் என்று தெரியாது. அம்மா கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளைச் சாதாரண வகுப்புக்கே அனுப்பலாம் என்று கடிதம் வந்தது. ஐந்தாம் ஆண்டுக்கு. நாலாம் ஆண்டுப் படிப்பு அவளுக்குக் கிடைக்காமலே போனது. மூன்றாம் ஆண்டிலும் பாதிதான்.

எங்கள் வகுப்பு மூடப்படவில்லை. அதே மாதத்தில் வேறு ஒரு பிள்ளை சேர்ந்தது. அது எங்கள் வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளைதான். நானும் சாரும் எங்கேயும் போகவில்லை. பயந்தது நடக்கவே இல்லை.

மாறுதல் பாரத்தில் கையெழுத்துப் போட இந்தத் தடவை அம்மாதான் வந்தார். நல்ல மழை. அலுவலகத்துக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் நடுவில் உள்ள நடைபாதையில் மழை விடட்டும் என்று நின்றார். நான் அந்தப் பக்கம் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரிலேயே கிடந்து அவர் விரல்கள் சொரசொரப்பாக இருந்தன.

“நீங்க மட்டும் இல்லன்னா எம்பொண்ணு அங்கயே கெடந்திருப்பா, டீச்சர்” என்றார்.

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறவள். அன்று என்னவோ நின்று சொன்னேன். முதல் தடவை டாக்டரிடம் என்ன சொன்னேன் என்று சொன்னேன். நீங்கள் சும்மா சொல்கிறீர்கள் என்று தெரிந்தும் அப்படியே சொன்னேன் என்றேன். வகுப்பு விஷயத்தையும் சொன்னேன்.

அவர் என் கையை உடனே விடவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சொன்னதத்தானே நீங்க சொன்னீங்க” என்றார்.

ஆமாம் என்றேன்.

“நான் அப்படித்தான் சொல்லுவேன், டீச்சர். நீங்க இல்லன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றார்.

கையை விட்டார். கடையில் ஆள் இல்லை, நேரமாச்சு, வாரேன் என்று குடையை விரித்து மழையிலேயே இறங்கிப் போனார். நான் என் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம். ஐந்து தட்டையும் எடுத்து வைத்தேன்.

பள்ளி திறந்ததும் நானே ஆங்கில ஆசிரியையிடம் போனேன். அந்தப் பிள்ளையை வாரத்துக்கு மூன்று நாள் மறுபடியும் என்னிடம் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். தமிழில்தான் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். எஸ் என்றது மட்டும் எனக்குப் போதும். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தந்தார். மூன்றாம் ஆண்டு ஆங்கிலப் புத்தகம். விட்ட இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் நாள் அவள் வந்து தரைவிரிப்பில் உட்கார்ந்தாள். பதினொரு வயது. கூட இருந்ததெல்லாம் ஒன்பது வயதுப் பிள்ளைகள். அவர்கள் மத்தியில் நெட்டையாகத் தெரிந்தாள். என் காது பக்கம் சாயவில்லை. நேராக உட்கார்ந்து, நான் சொல்வதைத் திருப்பிச் சொன்னாள். ஒரு படத்துக்கு ஒரு பெயர்தான் சொன்னாள்.

அவளுடைய வகுப்பில் யாரும் பார்க்கக் கூடாது என்று அந்தப் புத்தகத்துக்குக் காக்கித் தாளில் அட்டை போட்டேன். முன்பக்கத்தில் இருந்த பெரிய மூன்று மறைந்தது. பெயர் எழுதச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். எழுதினாள். அதற்குக் கீழே ஆண்டு என்று நான் கோடு போட்டு வைத்திருந்தேன். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஐந்து என்று எழுதினாள்.